தெளிவு: பத்துக்குப் பத்து

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. ஸ்ரீவராகம் குளத்தில் படிக்கட்டு இரண்டுதான் வெளியே தெரிகிறது. மாடிச் சன்னலுக்கு மேல் சன்ஷேடு ஒழுகுகிறது. மேஸ்திரி மூன்று நாளாக "இந்தா வந்துட்டேன் சாரே" என்று போனில் வந்துகொண்டிருக்கிறார்.

இன்றைய வேலை:
– விசாவுக்குப் படம். வெள்ளைப் பின்னணி. கண்ணாடி போடக் கூடாதாம். கண்ணாடி இல்லாத என் மூஞ்சியை எனக்கே அடையாளம் தெரியாது.
– சரசுவின் முழங்கால் தைலம். கிழக்கேகோட்டைக் கடையில்தான் கிடைக்கும்.
– இன்வெர்ட்டருக்குத் தண்ணீர்.
– நோட்டுகளைத் தேடி எடுப்பது.

கடைசி வேலையை முதலில் செய்தேன். மற்றவை அப்படியே கிடக்கின்றன.

ஏழு நோட்டு, பச்சை அட்டை. அலமாரி அடித்தட்டில் பழைய கரண்ட் பில்களுக்குக் கீழே. ஒன்றைக் கரையான் தொட்டிருக்கிறது, பெரிய சேதமில்லை. கம்பெனி என்னைச் சீமைக்கு, டெர்பி ஊருக்கு அனுப்பிய நாலு வருடம் முழுவதும் இதற்குள். ஆபீஸ் பற்றி ஒரு வரி கிடையாது. எல்லாம் பப். சனிக்கிழமை தோறும் பள்ளித் தோழன் மோகனும் நானும், பிற்பாடு சில நாள் அவன் கூட்டாளிகளும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்த பப்கள், அங்கே குடித்த ஏல் என்கிற பீர் வகைகள். மொத்தம் நூற்றுப் பதினொன்று.

பப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். 'ஊமை மணி'. 'கிடாயும் லாந்தரும்'. 'மூன்று வாத்து'. 'தூங்குகிற தச்சன்'. இங்கிலீஷில் என்ன என்று பாதி மறந்துவிட்டது.

டிராஃப்ட்ஸ்மேன் புத்தி எங்கே போகும். பக்கத்துக்குப் பக்கம் கட்டம். நாலு பத்தி: நிறம், மணம், சுவை, தெளிவு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். சுவைக்கு ஆறு, ஏழு என்று கஞ்சத்தனம் செய்தவன் தெளிவுக்கு மட்டும் அள்ளிக் கொடுத்திருக்கிறேன். "தெளிவு 10. டம்ளருக்கு அந்தப் பக்கம் மோகனின் மீசை முடியை எண்ணலாம்." "தெளிவு 10. நம் ஊர்க் கிணறு சித்திரையில் இருப்பதுபோல்." பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கிற சரக்கு, குளிரூட்டாமல், காஸ் ஏற்றாமல், கைப்பம்பால் இழுத்து ஊற்றுகிறார்கள், அது எப்படி இவ்வளவு தெளிவாக வருகிறது என்பது எனக்கு நாலு வருடமும் தீராத ஆச்சரியம்.

செப்டம்பரில் திரும்பப் போகிறோம். மோகன் அங்கேயே தங்கிவிட்டவன். நாளை ஊருக்கு வருகிறான், இரண்டு வாரம். டிக்கெட் அவனே போடுகிறானாம். விட்டுப்போன பப்கள், மூடாமலிருந்தால் பழையவை. எனக்கு அறுபத்து நாலு. இனி இன்னொரு தடவை வாய்க்காது. சரசுவும் சரி என்றுவிட்டாள். "நாலு பேரோட சிரிச்சிட்டு வாங்க" என்றாள்.

ஷோகேஸைத் துடைத்தேன். நான் டெர்பியை விட்டுக் கிளம்பியபோது மோகனும் அவன் கூட்டாளிகளும் கொடுத்த கண்ணாடி மக் அங்கேதான் இருக்கிறது. கைப்பிடி வைத்தது, பக்கவாட்டில் ஒரு மீன் செதுக்கியது. அங்கே ஆறு ஓடுகிறது, அதனால் மீன் போலிருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறல் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

மழை காலையில் இல்லை, மத்தியானம் சேர்த்து வைத்துப் பெய்தது.

மோகன் வந்தான். கரமனை வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு நேரே இங்கே. தலை முழுக்க வெள்ளை, வயிறு ஒரு சுற்று. வாசலிலேயே கட்டிப்பிடித்தான். "என்னடே, உனக்கு மட்டும் வயசே ஆக மாட்டேங்கு?" பொய். ஆனாலும் நன்றாக இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவனளவு என்னைத் தெரிந்தவர் சரசுவைத் தவிர வேறு ஆளில்லை.

மகள் நிம்மியும் வந்திருக்கிறாள். பயணக் களைப்பில் தூக்கமாம், நாளை பார்க்கலாம் என்றான்.

காலுறைக்குள் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவந்தான். "உனக்குன்னே தேடிப் பிடிச்சது, கேட்டியா." வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் வண்டல், உள்ளே கஞ்சித்தண்ணி மாதிரி.

"கலங்கலா இருக்கேடே."

"இப்ப அங்க இதாக்கும் ஃபேஷன். சும்ம குடிச்சுப் பாரு."

"தெளிவு ரெண்டு மார்க்தான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பான். களைப்பு. பாட்டிலை ஃப்ரிட்ஜில் தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தேன்.

சாப்பாடு: அவியல், எரிசேரி, பப்படம், சேனை வறுவல். மூன்று தடவை சோறு வாங்கினான். "மீன் மணம் வராத வீடு இந்தத் தெருவுலயே இது ஒண்ணுதான் இருக்கும்" என்றான் சரசுவிடம். உண்மைதான். இரண்டு பக்கத்திலும் தினமும் சாளை பொரிக்கிறார்கள். பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் மீன்காரி ஹார்ன் அடித்துக்கொண்டு வருவாள். எங்கள் வாசல் வந்தால் மட்டும் ஹார்னை நிறுத்திக் கடந்து போவாள்.

ஒரு காலத்தில் சாளையும் நெத்திலியும் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. பையன் பிறந்தபோது சரசுவுக்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நேர்ந்துகொண்டேன்: குமாரகோவில் முருகா, இவளைக் கொடு, சாகிற வரை மீனும் இறைச்சியும் என் வாய்க்குள் போகாது. பக்கத்தில் நின்றது மோகன்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அவன்தான் அழுதான், எனக்கு அழுகை வரவில்லை. முப்பத்தைந்து வருடம் ஆகப்போகிறது.

இதை இன்று எழுதக் காரணம், முதல் நோட்டின் முதல் பக்கம். டெர்பியில் முதல் சனிக்கிழமை, 'ஊமை மணி'. குடிக்கும் முன் எனக்கு ஒரு சந்தேகம்: இதில் என்ன சேர்க்கிறார்கள்? பப்காரர் பேசிய இங்கிலீஷ் எனக்கு ஒரு அட்சரம் புரியவில்லை. அந்த ஊர்ப் பேச்சு அப்படி. மோகன் எனக்குப் பத்து மாதம் முன்பே அங்கே போனவன், அவனுக்குப் புரியும். "நல்லா கேட்டுச் சொல்லுடே, எனக்க நேர்ச்சை ஒனக்குத் தெரியும்லா" என்றேன். கவுண்டருக்குப் போனான். கேட்டான். வந்து சொன்னான். அப்படியே எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்:

"பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். நாலே நாலு. மோ. கேட்டுவிட்டான்."

அன்றைக்கே பூத்திலிருந்து சரசுவுக்குப் போன். மீன் இல்லைதானே என்றாள். மோகன் கேட்டுவிட்டான் என்றேன். "அப்ப குடிங்க, அந்தக் குளிருக்கு" என்றாள்.

ஜூலை 5, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மோகன் காரோடு வந்தான். நிம்மியும். இருபத்தாறு வயது, பார்க்க மோகனின் அம்மா மாதிரியே. "அங்கிள்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள், நல்ல பிள்ளை. நகரத்தில் ஒரு ஹோட்டலில் புதிதாக இங்கிலீஷ் பப் மாதிரி ஒன்று திறந்திருக்கிறார்களாம், செப்டம்பருக்கு ஒத்திகை பார்க்கலாம் என்றான் மோகன்.

ஒத்திகை. மரம் மாதிரி பிளாஸ்டிக். குளிர்காய அடுப்பு, அதற்குள் ஆரஞ்சு பல்பு. வெளியே புழுக்கம், உள்ளே ஏ.சி. பற்கள் கிட்டிக்கிற அளவு. கைப்பம்பு ஒன்று நிற்கிறது, இழுத்துப் பார்த்தேன், வெறும் அலங்காரம். சர்வர் பையன் மார்த்தாண்டம்காரன். "ஏல் இருக்கா தம்பி?" என்றேன். "ஏழு இல்ல சார், எட்டு ஐட்டம் இருக்கு" என்று பாட்டில் பீர் பட்டியலை நீட்டினான். மூவரும் சிரித்தோம். அதுவரை நல்ல நாள்.

பீர் வந்தது. பழக்கம், டம்ளரைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தேன். "தெளிவு பத்து" என்றேன்.

நிம்மி விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ அங்கிள், அப்பா பண்ணுகது போலவே இருக்கு! இது சேஃப் ஆணு கேட்டோ. இதில மீன் இருக்காது."

"என்ன மீன்?"

"அதான்… ஃபிஷ் ஜோக். மீன்சாமி."

மோகன், "நிம்மி, மெனு எடு" என்றான்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள், அதில் சந்தேகமில்லை. காலேஜில் படிக்கும்போது பப்பில் வேலை பார்த்தவள், விளக்கமாகச் சொன்னாள். பீப்பாயில் ஏல் கலங்கலாகத்தான் இருக்குமாம், ஈஸ்ட் மிதந்துகொண்டு. அது கீழே படிய ஒரு மருந்து ஊற்றுவார்கள். மீனுக்குள் இருக்கிற காற்றுப்பை. நம் கடற்கரைக்காரர்கள் நெட்டி என்பார்களே, அது. காயவைத்துக் கரைத்து பீப்பாய்க்குள் விடுவது. அது ஈஸ்ட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்தால் மேலே தெளிந்துவிடும். "அதாக்கும் அவ்வளவு தெளிவு. அங்கிள் ஓரோ கிளாஸும் தூக்கிப் பிடிச்சு 'ஆகா எவ்வளவு தெளிவு'ன்னு சொல்லுமாம், மத்தவங்க எல்லாம் சிரிப்பை அடக்கிட்டு இருப்பாங்களாம். அப்பா ஓணம் பார்ட்டில எல்லா வருஷமும் அதை நடிச்சுக் காட்டும். பப்காரர் 'மீன்'னு சொன்னதும், அப்பா திரும்பி வந்து 'நாலே நாலு பொருள்'னு சொன்னதும்…"

மோகனைப் பார்த்தேன். அவன் தன் டம்ளருக்கு அடியில் இருந்த அட்டையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான்.

"பப்காரர் சொன்னாராடே?"

"மக்கா, அது அப்ப…"

"சொன்னாரா?"

"சொன்னாரு."

நிம்மியின் முகம் மாறிவிட்டது. "அங்கிளுக்குத் தெரியாதா?" என்றாள் அப்பாவிடம், இங்கிலீஷில்.

எழுந்து வந்துவிட்டேன். மழையில் ஆட்டோ கிடைக்கவில்லை, பஸ் பிடித்துக் கிழக்கேகோட்டை, அங்கிருந்து நடை. சரசு கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

தூறல்.

எழுந்ததும் ஷோகேஸ்தான் கண்ணில் பட்டது. மக். மீன்.

ஆறு ஓடுவதால் இல்லை.

வழியனுப்பு விழாவில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அத்தனை பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். என் மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்தேன். எல்லாரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கு இன்னும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்று காலையிலிருந்து காதிலேயே நிற்கிறது. பத்தொன்பது வருடம் அந்த மக்கை நானே துடைத்து நானே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

மத்தியானம் சரசுவிடம் சொன்னேன். சொல்வதற்குப் பயமாக இருந்தது, சிறு பிள்ளை மாதிரி. புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே முழுதும் கேட்டாள்.

"நேர்ச்சை முறிஞ்சு போச்சு சரசு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாலு வருசம்."

"அதை விடுங்க. அறியாமச் செஞ்சது. நான் இந்தா நிக்கேன்லா, முழங்கால் வலிதான், வேற கேடு ஒண்ணும் இல்லையே."

மனசு லேசாகிவிட்டது. கொஞ்ச நேரம்தான். சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"நேர்ந்தது எனக்காகன்னு அங்க உள்ளவங்களுக்குத் தெரியுமா?"

"மோகனுக்குத் தெரியும்."

"மோகன்தான கதை சொன்னது. அப்ப எல்லாருக்கும் தெரியும்." கையைச் சேலையில் துடைத்தாள். "நான் செத்துப் பொழச்சதை வச்சு வருசா வருசம் சிரிச்சிருக்காங்க. அவரு வந்தா தேடித் தேடி எரிசேரி வைப்பேன், கேட்டியளா. முந்தாநாளும் மூணு தடவை சோறு போட்டேன்."

எனக்கு அது தோன்றவே இல்லை. என்னைத்தான் ஏமாற்றினான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மக்கைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போனாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

மோகனின் போன்: காலையில் நாலு தடவை, மத்தியானம் மூன்று தடவை. எடுக்கவில்லை. நிம்மி ஒரு நீண்ட செய்தி அனுப்பியிருந்தாள், மன்னிப்பு கேட்டு. அவளுக்கு மட்டும் பதில் போட்டேன்: "உன் மேல் தப்பில்லை மோளே."

ஜூலை 7, திங்கள்

வெயில்! துணியெல்லாம் மாடியில்.

மேஸ்திரி வந்தார். சன்ஷேடைப் பார்த்தார், நாளை வருகிறேன் என்றார், போனார்.

நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். போடும் முன் ஒருமுறை புரட்டக் கூடாது. புரட்டினேன்.

இத்தனை "தெளிவு 10". கொடுத்தது நான், என் கையெழுத்து. ஒவ்வொரு பத்தும் ஒரு மீன். பப்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டபோது ஒளிக்காமல் சொன்னவர் அவர்களில் ஒருவர்தான்.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்னும் மனசு இளகுகிறது. அதுதான் ஆத்திரம். 'கிடாயும் லாந்தரும்' கணப்புக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு நாய் என் ஷூ மேல் தலை வைத்துத் தூங்கும். வெளியே பனி. அரை பைன்ட் ஏல், ஒரு பாக்கெட் உருளைக்கிழங்கு வறுவல் இரண்டு பேருக்கு. மோகன் ஊர்க் கதை பேசுவான். நான் கட்டம் போடுவேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டான் பாவி.

நாலாம் நோட்டில் ஒரு பக்கம். எழுதியது நினைவே இல்லை. அப்படியே இங்கே:

"தூங்குகிற தச்சன். நிறம் 6. மணம் 8. சுவை – குடிக்கவில்லை. தெளிவு 0. பழைய கஞ்சி போல் கலங்கல். பப்காரர் ஏதோ சொன்னார், அவர்கள் அதை வடிப்பதில்லை, எதுவும் சேர்ப்பதில்லை, இயற்கையாக விடுகிறார்களாம். நல்ல நியாயம்! மோ. 'இன்னைக்கு ஒரு நாள் இதையே குடிடே, சொன்னாக் கேளு' என்று ரொம்ப வற்புறுத்தினான். முகம் ஒரு மாதிரி இருந்தது. நான் பிடிவாதமாகத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். அது தெளிவு 10."

நாலைந்து தடவை வாசித்தேன்.

நூற்றுப் பதினொன்றில் மீன் இல்லை என்று பப்காரரே வாயால் சொன்னது அந்த ஒன்றுதான். கலங்கல் என்று திருப்பிக் கொடுத்தவன் நான்.

அன்றைக்கு அவனுக்கு மனசு உறுத்தியிருக்கிறது. உறுத்தியும் ஒரு வாக்கியம் வரவில்லை. 'இதில் மீன் இல்லை, மற்றதில் உண்டு.' இவ்வளவுதான். சொல்ல எத்தனை நொடி ஆகும்?

பேப்பர்காரனுக்கு நோட்டைப் போடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மழை. மேஸ்திரி வரவில்லை. தைலம் வாங்கினேன். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். போன வாரம் சொல்லி வைத்திருந்த ஸ்டுடியோக்காரர் போன் செய்தார், "சாரே, விசா படம் எடுக்க வருமோ?" வரவில்லை என்றேன்.

பதினொரு மணிக்கு மீன்காரி. வழக்கம்போல எங்கள் வாசலில் ஹார்னை நிறுத்தினாள். உள்ளே போய்விட்டேன். அந்த மரியாதையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

சரசு இன்று என்னோடு அதிகம் பேசவில்லை. கோபம் என் மேல் இல்லை என்றாள். நம்புகிறேன்.

ஜூலை 9, புதன்

மழை விடவில்லை. பத்து மணிக்கு மோகன் வந்தான், நடந்து, குடையோடு. கரமனையிலிருந்து நடந்து வந்திருக்கிறான், கால்சட்டை முட்டி வரை நனைந்து. இரு என்று நான் சொல்லவில்லை. அவனாகவே உட்கார்ந்தான். சரசு எட்டிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். காப்பி வரவில்லை. இந்த வீட்டில் அவன் உட்கார்ந்து காப்பி வராதது இதுதான் முதல் தடவை. அவனும் அதைக் கவனித்தான்.

"ஏசிரு மக்கா. என்ன வேணும்னாலும் ஏசு."

"ஏன் சொல்லல? அன்னைக்கு, மொத நாளு."

நனைந்த குடையைக் காலுக்கிடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டான்.

"நீ வாறதுக்கு முன்ன பத்து மாசம் அங்க நான் ஒத்தைக்கு இருந்தேன். சனிக்கிழமை வந்தா பயமா இருக்கும், சத்தியம். பப்புக்குப் போனா மூலைல தனியா உக்காந்துட்டு வருவேன். நீ வந்தே. அவரு 'மீன்'னு சொன்னாரு. அதைச் சொன்னா நீ பெறகு அந்தப் பக்கம் வரமாட்டே. நான் திரும்பவும் ஒத்தைக்கு… அதனால சொல்லல. வாய்ல அப்படி வந்துட்டு."

இதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஊமை மணியின் கவுண்டரிலிருந்து என் மேசைக்கு எட்டு அடி இருக்கும். அந்த எட்டு அடிக்குள் அவன் முடிவு செய்திருக்கிறான். தனியாக இருப்பவன் அப்படிச் செய்வான். அதை நான் மன்னித்துவிடுவேன் என்றுதான் தோன்றியது.

"சரி. சிரிச்சது?"

"என்ன?"

"பொய் சொன்னது ஒத்தைக்கு இருந்ததால. ஊரைக் கூட்டி நடிச்சுக் காட்டினது எதனால? மீன்சாமின்னு பேரு வச்சது? மக்குல மீனு கொத்தித் தந்தது? ஆஸ்பத்திரி வராந்தால எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது நீதானடே. அந்த நேர்ச்சைக்கு நீதான் சாட்சி. அதை எப்படிடே சிரிப்பா ஆக்கினே?"

தலையைக் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதான் போலிருக்கிறது. மழையில் நனைந்த முகம், சரியாகத் தெரியவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று கொஞ்சம் முயன்றேன், வரவில்லை.

"செப்டம்பருக்கு நான் வரல்ல" என்றேன்.

"டிக்கெட்…"

"வரல்ல."

எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பினான்.

"அந்தப் பாட்டிலைத் தொறந்தியா?"

"இல்ல."

"அது கெட்டுப்போன கலங்கல் இல்ல மக்கா. அதுல மீன் சேக்க மாட்டாங்க, அதனால அப்படி இருக்கும். உனக்குன்னே தேடினேன். சத்தியமா அதுல மீனு இல்ல, நான் கேட்டுட்டுத்தான் வாங்கினேன்."

"அன்னைக்கும் நீதானடே கேட்டுட்டு வந்தே."

அதற்குமேல் அவன் நிற்கவில்லை. குடையை விரிக்காமலே தெருவில் இறங்கிப் போனான்.

சரசு அடுக்களையிலிருந்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பாட்டிலை எடுத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைச் சுற்றிச் சுற்றி வாசித்தாள். என்ன போட்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பின்பக்கம் கொண்டுபோய் வாழை மூட்டில் கவிழ்த்தாள். இங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"நல்ல நொரை இருந்துச்சு, கேட்டியளா" என்றாள் திரும்பி வந்து.

மோகன் சொன்னது ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் மீன் இல்லாதது மொத்தம் இரண்டு. இரண்டையும் நான் குடிக்கவில்லை.